அயர்லாந்தின் நம்பர் ஒன் பாடல்கள்: நினைவில் இருப்பதும் பட்டியலில் இருப்பதும்

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அயர்லாந்தில் பள்ளிக்குப் போனவர்களை ஒன்றாக உட்காரவைத்து அந்தக் காலத்து நம்பர் ஒன் பாட்டுகளைக் கேட்டால் சண்டைதான் வரும். ஒருவர் "அது ரெண்டாவது இடம்தான்பா" என்பார். இன்னொருவர் "இல்லவே இல்லை, முதலிடம்" என்பார். பல சமயம் இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஒருவர் பிரிட்டன் பட்டியலைப் பேசுகிறார், மற்றவர் அயர்லாந்துப் பட்டியலைப் பேசுகிறார். சிறுவயதுப் பாடல்களைத் தேடியெடுத்து ஒரு பிளேலிஸ்ட் போட நினைப்பவர்கள் முதலில் அவிழ்க்க வேண்டிய முடிச்சு இது.

1987 டிசம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். போக்ஸ் குழுவும் கர்ஸ்டி மெக்கோலும் பாடிய 'ஃபேரிடேல் ஆஃப் நியூ யார்க்' பிரிட்டனில் இரண்டாம் இடத்தைத் தாண்டவில்லை, பெட் ஷாப் பாய்ஸ் வழிமறித்துக்கொண்டார்கள். அயர்லாந்தில் அது முதலிடம். அதே ஆண்டு ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டியான யூரோவிஷனில் வென்ற ஜானி லோகனின் 'ஹோல்ட் மீ நவ்' அயர்லாந்தில் 1, பிரிட்டனில் 2. 1994-இல் பாய்ஸோனின் 'லவ் மீ ஃபார் எ ரீசன்' கதையும் அதேதான். மறுபக்கம், 1986-இல் கிறிஸ் டி பர்க்கின் 'லேடி இன் ரெட்', 1988-இல் என்யாவின் 'ஓரினோகோ ஃப்ளோ' இரண்டும் இரண்டு நாட்டிலும் முதலிடம் பிடித்தவை. இவற்றைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை.

குழப்பம் எங்கிருந்து வந்தது என்றால், வீட்டுக் கூரையிலிருந்து. கிழக்குக் கரையிலும் எல்லையோர மாவட்டங்களிலும் உயரமான ஆன்டெனா வைத்தால் வேல்ஸிலிருந்தும் வடக்கு அயர்லாந்திலிருந்தும் பிபிசி ஒளிபரப்பு கிடைக்கும். டப்ளினில் கேபிளும் வந்துவிட்டது. அந்த வீட்டுப் பிள்ளைகள் வியாழன்தோறும் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' பார்த்தே பட்டியலைத் தெரிந்துகொண்டார்கள். அது முழுக்க பிரிட்டன் பட்டியல். மேற்கிலும் தென்மேற்கிலும் நிலைமை வேறு. அயர்லாந்தின் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிஇ-யின் இரண்டாவது சேனல் தொடங்கியதே 1978 நவம்பரில்தான், அதுவரை அங்கே ஒரே சேனல். பிறகு சில ஊர்க்காரர்கள் மலைமேல் டிஃப்லெக்டர் வைத்து பிரிட்டிஷ் சேனல்களை உரிமமில்லாமலே மறு ஒளிபரப்பு செய்துகொண்டார்கள். டிஃப்லெக்டர் இல்லாத கெர்ரி, மேயோ பகுதிகளில் வளர்ந்தவரின் நினைவுப் பட்டியல், டப்ளின்காரரின் பட்டியலை விட ஐரிஷ் பட்டியலுக்கு நெருக்கமாக இருப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆகவே ஒருவருக்குப் பிளேலிஸ்ட் போட்டுக் கொடுப்பதாக இருந்தால் எந்த ஆண்டு என்று கேட்பதற்கு முன்னால் எந்த மாவட்டம் என்று கேளுங்கள்.

1984-இலிருந்து 1987 வரை இன்னொரு கலப்பும் சேர்ந்தது. ஞாயிறு மதியம் ஆர்டிஇ 2-இல் மூன்று மணி நேரம் ஓடிய 'எம்டி-யுஎஸ்ஏ', நியூயார்க்கிலிருந்து வின்சென்ட் ஹான்லி தொகுத்து வழங்கியது. ஐரிஷ் பட்டியலில் தலையே காட்டாத அமெரிக்க வீடியோக்கள் எல்லாம் அதன் வழியாகத்தான் பிள்ளைகள் மனதில் "பெரிய ஹிட்" என்று பதிந்தன. நினைவில் இருக்கும் பாட்டு எந்தப் பட்டியலிலும் அகப்படவில்லை என்றால் முதல் சந்தேகம் இந்த நிகழ்ச்சிமேல் விழலாம்.

அடுத்தது, பட்டியலை எப்படித் தயாரித்தார்கள் என்பது. 1962 அக்டோபரில் ஆர்டிஇ ஐரிஷ் பட்டியலைத் தொடங்கியது. முதல் நம்பர் ஒன் எல்விஸ் பிரெஸ்லியின் 'ஷீஸ் நாட் யூ'. 1992 வரை கணக்கெடுத்தது, கடையில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதை அல்ல. இசைத்தட்டு நிறுவனங்கள் கடைகளுக்கு எத்தனை பிரதி அனுப்பின என்பதை. இந்த வித்தியாசத்தைச் சின்னது என்று நினைக்க வேண்டாம். கடைக்காரர் ஒரு பாட்டு ஓடும் என்று நம்பி மொத்தமாகக் கொள்முதல் செய்தால் அது பட்டியலில் ஏறிவிடும், பெட்டி பிரிக்காமல் கிடந்தாலும் சரி. மாறாக, ஏற்கெனவே அனுப்பிய சரக்கு சூடாக விற்றுக்கொண்டிருக்கும் வாரத்தில் புது ஆர்டர் போகாவிட்டால் பாட்டு கீழே இறங்கியதுபோலத் தெரியும். 1992-இல்தான் இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கமான இர்மா இந்த வேலையைக் கருத்துக்கணிப்பு நிறுவனமான கேலப்பிடம் கொடுத்து, கடைகளின் விற்பனையையே எண்ணத் தொடங்கியது. 1996-இல் அது சார்ட்-டிராக் என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. ஆக, 1992-க்கு முந்தைய பட்டியலில் "இந்த வாரம் 3, அடுத்த வாரம் 1" என்ற ஏற்ற இறக்கத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில் பயனில்லை. மொத்தம் எத்தனை வாரம் பட்டியலில் தங்கியது என்பதுதான் நம்பத்தக்க எண்.

அந்த எண்ணைப் பார்க்கத் தொடங்கினால் வேறொரு அயர்லாந்து தெரியும். பேடி ரைலி பாடிய 'தி ஃபீல்ட்ஸ் ஆஃப் ஆதென்ரை' 1983-இல் வந்து 72 வாரம் பட்டியலில் இருந்தது, ஆனால் முதலிடத்துக்கு வரவே இல்லை. வெறும் நம்பர் ஒன்களை மட்டும் அடுக்கினால் இந்தப் பாட்டு விடுபட்டுப் போகும். அது இல்லாத ஓர் ஐரிஷ் சிறுவயதுப் பிளேலிஸ்ட் பொய்யானது என்பது என் தீர்மானமான கருத்து. நாடும் சிறியது, 1991 கணக்கெடுப்பில் சுமார் 35 லட்சம் பேர். அவ்வளவு சின்னச் சந்தையில் திருமண வீட்டிலும் பப்பிலும் பாடப்படும் ஒரு பாட்டு மெதுவாக, விடாமல் விற்றுக்கொண்டே இருக்க முடியும். வானொலித் தடைகூடப் பெரிய தடையில்லை. 1967-இல் டப்ளினர்ஸின் 'செவன் ட்ரங்கன் நைட்ஸ்' ஆர்டிஇ ஒலிபரப்ப மறுத்த பாட்டு. கடலில் நின்ற கப்பலிலிருந்து ரேடியோ கரோலைன் அதை ஓட்டியது, அயர்லாந்தில் முதலிடம்.

ஒரே ஓர் ஆண்டை மட்டும் உற்றுப் பார்க்க வேண்டும் என்றால் 1990-ஐச் சொல்வேன். ஆண்டின் தொடக்கத்தில் ஷினேட் ஓ'கானரின் 'நத்திங் கம்பேர்ஸ் டு யூ'. பிரின்ஸ் எழுதி, 1985-இல் தி ஃபேமிலி என்ற குழுவின் ஆல்பத்தில் யாரும் கவனிக்காமல் கிடந்த பாட்டு. டப்ளின் பெண் ஒருத்தி பாடி உலகம் முழுக்க முதலிடம் ஆக்கினாள். பிறகு வந்தது இத்தாலி உலகக் கோப்பை. அயர்லாந்து அணியின் பெயரில் 'புட் எம் அண்டர் பிரஷர்' 13 வாரம் முதலிடத்தில் நின்றது. யூடூவின் டிரம்மர் லாரி மல்லன் தயாரித்தது. அதைக் காதுகொடுத்துக் கேட்டால் துண்டு துண்டாகத் தைத்த போர்வை என்பது புரியும்: மோயா பிரென்னனின் குரல், பயிற்சியாளர் ஜாக் சார்ல்டனின் பேச்சு, மைதானத்து 'ஓலே ஓலே', நடுவில் ஒரு கிட்டார் ரிஃப். அந்த ரிஃப் ஹார்ஸ்லிப்ஸ் குழுவின் 1973-ஆம் ஆண்டுப் பாட்டான 'ஜாரக் டூம்' கொடுத்தது. அவர்களோ அதை 'ஓ'நீலின் மார்ச்' என்ற பழைய நாட்டுப்புற மெட்டிலிருந்து எடுத்திருந்தார்கள். ஆக 1990-இல் கால்பந்துக்காகக் கத்திய பிள்ளைகள், தங்களுக்குத் தெரியாமலே ஒரு பழைய அணிவகுப்பு மெட்டுக்குத்தான் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

13 வாரம் ஏன் நின்றது என்பதற்கு ஆட்ட முடிவுகளே விளக்கம். இங்கிலாந்தோடு 1-1, எகிப்தோடு 0-0, நெதர்லாந்தோடு 1-1, ருமேனியாவோடு 0-0 ஆகி பெனால்ட்டியில் 5-4, காலிறுதியில் இத்தாலியிடம் 0-1. ஐந்து ஆட்டத்தில் மொத்தம் இரண்டே கோல். ஒரு ஆட்டமும் களத்தில் ஜெயிக்காமல் காலிறுதி வரை போன அணி. வெளியேறாமல் இழுத்துக்கொண்டே போனதால் பாட்டும் கூடவே இழுத்துக்கொண்டு போனது.

அதே ஆண்டில் சா டாக்டர்ஸ் குழுவின் 'ஐ யூஸ்ட்டா லவர்' 9 வாரம் முதலிடம். கால்வே மாவட்டத்து ட்யூம் என்ற சின்ன ஊர்ப் பையன்கள், கோயில் வரிசையில் பார்த்த பெண்ணைப் பற்றி உள்ளூர் உச்சரிப்போடு பாடியது. அந்த ஆண்டின் 52 வாரத்தில் 22 வாரத்தை இந்த இரண்டு பாட்டுகளே எடுத்துக்கொண்டன, இரண்டுமே பிரிட்டனில் வளர்ந்த ஒருவருக்கு அவ்வளவாக அறிமுகம் இல்லாதவை. ஐரிஷ் பட்டியலை பிரிட்டன் பட்டியலின் நிழல் என்று சொல்பவர்களுக்கு 1990-ஐக் காட்டினால் போதும்.

யூரோவிஷனைப் பற்றித் தனியாகவே எழுதலாம், சுருக்கிச் சொல்கிறேன். அயர்லாந்தின் வெற்றிகள் 1970-இல் டெர்ரியைச் சேர்ந்த 18 வயது டேனா தொடங்கிவைத்தவை. பிறகு 1980, 1987, 1992, 1993, 1994, 1996. மூன்று ஆண்டு தொடர்ச்சியாக வென்ற ஒரே நாடு. 1993 போட்டி கார்க் மாவட்டத்து மில்ஸ்ட்ரீட்டில், குதிரைப் போட்டி நடக்கும் அரங்கில் நடந்தது. ஆனால் பட்டியலைப் பொறுத்தவரை பெரிய விஷயம் நடந்தது 1994 ஏப்ரல் 30, டப்ளின் பாயின்ட் அரங்கில், வாக்கு எண்ணும் இடைவேளையில். ஏழு நிமிடம்போல ஓடிய 'ரிவர்டான்ஸ்'. பில் வீலனின் இசை, அனூனா பாடகர் குழு, மைக்கேல் ஃப்ளாட்லியும் ஜீன் பட்லரும் ஆடினார்கள். அந்த ஆண்டின் வெற்றிப் பாட்டும் அயர்லாந்துடையதுதான், ஆனால் அதை விட இடைவேளை இசைதான் கடைகளில் அள்ளிக்கொண்டு போனது. அயர்லாந்தில் 18 வாரம் நம்பர் ஒன். பிரிட்டனில் அதன் உச்சம் 9-ஆம் இடம்.

பிளேலிஸ்ட் போடும்போது இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. நினைவில் இருப்பது 1994 சிங்கிள். 1995 பிப்ரவரியில் மேடை நிகழ்ச்சியாக விரிந்த பின் வந்த பதிவுகள் வேறு, பிற்கால ஆண்டுவிழாப் பதிவுகள் வேறு. ஸ்ட்ரீமிங்கில் பெயரைத் தட்டினால் எது முதலில் வரும் என்று சொல்ல முடியாது. ஆண்டையும் நேர அளவையும் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். அறுபதுகளில் நடன அரங்குகளில் வாசித்த ஷோபேண்ட் குழுக்களின் பாட்டுகளில் இந்தத் தொல்லை இன்னும் மோசம். அந்தப் பாடகர்கள் பிற்காலத்தில் வேறு நிறுவனத்துக்காக அதே பாட்டைத் திரும்பப் பாடிக் கொடுத்திருப்பார்கள். அட்டைப்படம் பழையதாக இருக்கும், டிரம் மட்டும் எண்பதுகளின் எதிரொலியோடு டமாலென்று விழும். அப்படிக் கேட்டால் அது மறுபதிவு. ஒரிஜினலில் பித்தளை வாத்தியங்கள் நெருக்கமாக, கொஞ்சம் சிராய்ப்போடு, பெரும்பாலும் மோனோவில் இருக்கும்.

பொம்மைகளையும் மறக்கக் கூடாது. ஆர்டிஇ-யின் குழந்தைகள் நிகழ்ச்சியான 'தி டென்'-இல் வந்த டஸ்டின் என்ற வான்கோழிப் பொம்மை தொண்ணூறுகளில் நம்பர் ஒன் சிங்கிள்கள் போட்டது. 1996-இல் 'ராட் ட்ராப்', அடுத்த ஆண்டு ஜோ டோலனோடு சேர்ந்து 'குட் லுக்கிங் உமன்'. 'ராட் ட்ராப்' என்று தேடினால் பாப் கெல்டாஃபின் பூம்டவுன் ராட்ஸ் 1978-இல் பாடிய ஒரிஜினல்தான் வரும். 1985-க்குப் பிறகு பிறந்தவர் "அந்தப் பாட்டு" என்று சொன்னால் வான்கோழியைத்தான் சொல்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

பாய்ஸோன், வெஸ்ட்லைஃப் காலத்துக்கும் ஒரு சூத்திரம் உண்டு. பழைய பாட்டை எடு, வேகத்தைக் குறை, கடைசிக் கோரஸுக்கு முன் சுருதியை அரை அல்லது ஒரு படி தூக்கு. பாய்ஸோனின் 'லவ் மீ ஃபார் எ ரீசன்' 1974-இல் ஆஸ்மண்ட்ஸ் பாடியது. 'ஃபாதர் அண்ட் சன்' கேட் ஸ்டீவன்ஸின் 1970 பாட்டு. 'வேர்ட்ஸ்' பீ ஜீஸின் 1968 பாட்டு. 1993-இல் 'தி லேட் லேட் ஷோ'-வில் பாடாமல் வெறுமனே ஆடிக் காட்டிய அதே பையன்கள்தான் இப்படிப் பட்டியலைப் பிடித்தார்கள். வெஸ்ட்லைஃபில் மூவர் ஸ்லைகோக்காரர்கள், அவர்களின் முதல் ஏழு சிங்கிள்களும் பிரிட்டனிலேயே நம்பர் ஒன். இந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தது பிவிட்ச்டின் 'சே லா வீ', 1998. பாப் பாட்டின் நடுவே கூச்சமில்லாமல் ஃபிடிலும் டின் விசிலும் புகுந்து ஜிக் என்ற ஐரிஷ் நாட்டுப்புற ஆட்டம் ஒன்றை ஆடிவிட்டுப் போகும். பிறகு 2000-இல் டிஜே மார்க் மெக்கேப்பின் 'மேனியாக் 2000', 1983-ஆம் ஆண்டு மைக்கேல் செம்பெல்லோ பாட்டின்மேல் கத்தல் ஏற்றியது, 10 வாரம். அழகானது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வயதுக்காரர்களின் டிஸ்கோ இரவு அது இல்லாமல் முடியாது.

பட்டியல் தயாரானதும் அலமாரியில் கிடக்கும் கேசட்டுகளுக்கு வருவோம். ரேடியோவிலிருந்து பதிந்த கேசட்தான் உண்மையான ஆவணம், ஏனென்றால் அதில் பாட்டோடு சேர்ந்து ஆர்டிஇ அறிவிப்பாளர் லாரி கோகனின் குரலும் விளம்பரமும் இருக்கும். அறிவிப்பாளர் பாட்டின் தொடக்கத்தில் பேசிக்கொண்டே போவார் என்பதால் முன்னிசை முழுதாக இருக்காது. அதைச் சுத்தமான பதிவால் மாற்றி ஒட்டாதீர்கள், அந்தப் பேச்சுக்காகத்தான் இந்தப் பாடே.

கணினிக்கு மாற்றும் முன் கேசட்டின் மேல்விளிம்பைப் பாருங்கள். அங்கே அழிப்புத் தடுப்புத் துண்டுகள் இரண்டு இருக்கும். கடையில் வாங்கிய கேசட்டில் அவை உடைந்திருக்கும், அந்த ஓட்டைமேல் செலோடேப் ஒட்டித்தான் பிள்ளைகள் பாட்டு பதிந்தார்கள். அந்த செலோடேப்பை இப்போதே பிய்த்துவிடுங்கள், இல்லையென்றால் ஒரு தவறான பொத்தானில் முப்பது ஆண்டுப் பதிவு அழியும். அடுத்து, டேப்பை அழுத்தும் சின்ன ஃபெல்ட் பஞ்சு இருக்கிறதா என்று பாருங்கள். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் ஒலி மங்கி, விட்டுவிட்டுக் கேட்கும். சி-60 டேப்பின் தடிமன் சுமார் 18 மைக்ரான், சி-90 சுமார் 12, சி-120 சுமார் 9. சி-120 நீண்டுகொள்ளும், சுருண்டு மாட்டிக்கொள்ளும், ஆகவே அதில் வேகமாகச் சுற்றுவதைத் தவிர்த்து ஒரே முறை ஓட்டிப் பதிவுசெய்வது நல்லது. மற்ற இரண்டையும் ஒரு முறை முன்னும் பின்னும் முழுக்கச் சுற்றிவிட்டால் ஒட்டிக்கிடந்த சுற்றுகள் தளரும்.

டேப்பைப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு, டெக்கின் லைன் அவுட்டை யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸில் கொடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல். ஒலி கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தால் உடனே ஈக்வலைசரைத் தொட வேண்டாம். பதிந்த கருவியின் ஹெட்டும் உங்கள் டெக்கின் ஹெட்டும் ஒரே கோணத்தில் இல்லாததுதான் வழக்கமான காரணம். இரண்டு சேனலையும் மோனோவாகச் சேர்த்துக் கேட்டுக்கொண்டே, ஹெட்டின் கோணத்தை மாற்றும் அசிமத் திருகை இம்மி இம்மியாகத் திருப்பினால் ஓரிடத்தில் 'ஸ்' ஒலிகள் பளிச்சென்று தெளியும். அங்கே நிறுத்துங்கள். டால்பி என்ற இரைச்சல் குறைப்பு வசதியைப் போட்டுப் பதியாத கேசட்டுக்கு டால்பி போட்டால் உயர் ஒலி எல்லாம் செத்துவிடும்.

மீடியம் வேவில், அதாவது அத்லோனிலிருந்து 612 கிலோஹெர்ட்ஸில், ஆர்டிஇ-யின் ரேடியோ 2 கேட்டுப் பதிந்ததாக இருந்தால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். சுமார் 4.5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அதில் இசையே இல்லை, டிரெபிளை ஏற்றினால் இரைச்சல்தான் ஏறும். வேகத்தைச் சரிபார்க்க அதே பாட்டின் வெளியான பதிவை வைத்துக்கொள்ளலாம். 4 நிமிடப் பாட்டு 3 நிமிடம் 53 நொடியில் முடிந்தால் டேப் 3 சதவீதம் வேகமாக ஓடுகிறது, சுருதியில் கிட்டத்தட்ட அரை செமிடோன். பெரும்பாலும் மோட்டார் வேகம் மாறியிருக்கும், தளர்ந்த பெல்ட்டானால் வேகம் குறைந்து அலைபாயும்.

ஆண்டு எழுதாத கேசட்டைக் காலம் கணிக்க அறிவிப்பாளரே உதவுவார். 'ரேடியோ 2' என்று சொன்னால் 1979 மே 31-க்குப் பிறகு, அதன் பிற்காலப் பெயரான '2எஃப்எம்' என்று சொன்னால் 1988 அல்லது அதற்குப் பின். டப்ளினின் ரேடியோ நோவா, சன்ஷைன் போன்ற உரிமமில்லாத நிலையங்களின் ஜிங்கிள் இருந்தால் எண்பதுகள்தான், ஏனென்றால் 1988 டிசம்பர் 31 அத்தகைய நிலையங்களைத் தடுத்த புதிய சட்டத்துக்கு முந்தைய கடைசி நாள். 98எஃப்எம் என்றால் 1989-இலிருந்து. விளம்பரத்தில் விலை பவுண்டிலா யூரோவிலா என்பது 2002 ஜனவரியைப் பிரித்துக் காட்டும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, நிலையம், கேசட்டின் பக்கம் மூன்றையும் முதலில் எழுதுங்கள், பாட்டின் பெயர் பிறகு. அதற்குப் பக்கத்தில் அயர்லாந்து இடமும் பிரிட்டன் இடமும் இரண்டு எண்களாக இருக்கட்டும்.